‘வேண்டாம்’ என்ற குரல்

தன் தானியப் பொந்துகளைத் திறக்கும் கடவுச்சொற்களையெல்லாம் அணில் ஓர் இரும்புப் பெட்டியிடம் ஒப்படைத்திருந்தது.

“எனக்கு ஏதாவது ஆயிட்டா மைனா வந்து கேட்கும். கேட்டதும் குடுத்துடாதே. ஏழு நாள் பொறு. அதுக்குள்ள நான் ‘வேண்டாம்’னு சொன்னா திறக்காதே” என்று சொல்லிவைத்தது.

மைனா விளையாட்டுக்கு அடிக்கடி கேட்கும். மறுநாளே அணில் ஓடிவந்து, “வேண்டாம்! நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!” என்று கத்தும். மூன்றும் சிரிக்கும்.

ஒரு பெருமழைக்குப் பிறகு அணிலைக் காணவில்லை. அதன் குட்டிகளுக்கு மைனா பழம் பொறுக்கிப் போட்டது. போதவில்லை. அப்போதுதான் அது முதல்முறையாக நிஜமாகவே கேட்டது. பெட்டி தினமும் அணிலைக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை.

ஏழாம் நாள் சாயங்காலம், பெட்டி திறக்கப்போன நேரத்தில், கிளையிலிருந்து அணிலின் குரல் கேட்டது.

“வேண்டாம்!”

பெட்டி ஆசையோடு நிமிர்ந்து பார்த்தது. கிளையில் மைனா மட்டும் உட்கார்ந்திருந்தது.

“நீயா அப்படிச் சொன்னே?” என்றது பெட்டி.

“இன்னொரு தடவை அந்தக் குரலைக் கேட்கணும்போல இருந்துச்சு” என்றது மைனா. “இப்ப திற. குட்டிங்க பசியோட இருக்கு.”