வசியராஜனின் கடைசிக் கட்டளை

இதழோடு இலவசமாக வரும் மின்பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு படித்தால், காமிக்ஸ் வில்லன் வசியராஜன் இடும் கட்டளைக்கு வாசகரின் உடம்பும் ஒரு கணம் கீழ்ப்படியும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பவளக்கொடியோ சாமி படங்களுக்கு நடுவில் அவன் அட்டைப்படத்தை ஒட்டிப் பொட்டும் வைத்திருந்தாள். பக்கவாதம் வந்த கணவர் தணிகாசலத்தின் வலது கை எந்த டாக்டருக்கும் மசியவில்லை. "கையைத் தூக்கு!" என்று வசியராஜன் உறுமியதும் சட்டென்று எழுந்தது. என்ன, ஒரு இதழ் ஒரு முறைதான் பலிக்கும்.

அடுத்த இதழில் வசியராஜன் சாகிறான் என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் கதாசிரியருக்கு போன் போட்டாள்.

"அவனைக் கொன்னுடாதீங்க சார்."

"வில்லன் சாகலைன்னா ஹீரோவுக்கு என்னம்மா மரியாதை?"

"உங்க ஹீரோ மாசாமாசம் பறந்துட்டுதான் இருக்கான். எங்க வீட்டுக்காரர் கையை அவனா தூக்க வச்சான்?"

"எந்தக் கைம்மா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார் கதாசிரியர்.

இதழ் வந்தது. மார்பில் வாளோடு சரிந்த வசியராஜன், கடைசிப் படத்தில் வாசகரை நேராகப் பார்த்துச் சொன்னான்: "இனி நான் இல்லை. உன் கையை நீயே தூக்கு."

பவளக்கொடி கணவரின் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றி வைத்தாள். தணிகாசலம் செத்துப்போன வில்லனுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.