கட்லா மேயும் ஆழம்

“இந்த முள்ளுல சட்டையத்தான் மாட்டித் தொங்க விடலாம் அண்ணாச்சி. ஒரு மாசமாச்சு, ஒரு செதிலுகூட வரல. என்னத்த விக்கிய நீங்க?”

மாஜிதா போட்ட சத்தத்தில் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தூண்டில் கடை குற்றாலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. தென்காசியில் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

ஆனாலும் அவர் கோபப்படவில்லை. வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் அவள் புருஷன் நாசர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். துபாயிலிருந்து வந்தபோது தூணாட்டம் இருந்தவன். இப்போது சட்டைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

கணையத்தில் புற்று. இனிமேல் வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நாசர் சொன்னது அவன் ஊரான இலஞ்சி முழுக்கத் தெரியும்.

“நம்ம குளத்துல ஒரு பெரிய கட்லாவப் பிடிச்சிட்டேன்னா போதும். அப்புறம் அல்லா எப்பக் கூப்பிட்டாலும் போயிருவேன்.”

குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவனே, ஒரு மீன்தானே, பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

குற்றாலிங்கம் பெட்டியைத் திறந்து பொடி முள்ளாக நான்கை எடுத்தார். “கட்லா கடிக்காதும்மா, உறிஞ்சும். புண்ணாக்கு உருண்டையச் சுத்தி இந்த நாலு முள்ளும் தொங்கணும். அதுக்கு வாயி மேல பாத்தாப்ல இருக்கும், அதனால மேலத்தண்ணியிலதான் மேயும். தக்கையிலருந்து ரெண்டு முழம் கீழ விட்டாப் போதும். தூண்டில் நரம்பக் கொண்டா, நானே கட்டித் தாரேன்.”

“வேண்டாம். நான் கட்டிக்கிடுவேன்.”

“அதுக்கில்ல தங்கச்சி, முடிச்சு...”

“வேண்டாம்னா விடுங்களேன்.” முள்ளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

குற்றாலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை. சாகப் போகிறவனின் கடைசி ஆசை தன் கடை முள்ளால் கெட்டது என்று ஆகிவிடக் கூடாது. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஸ்கூட்டரை இலஞ்சிக்கு விட்டார்.

குளத்தின் மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நாசர் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மாஜிதா அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். குற்றாலிங்கத்தைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

“என்ன பாய், ஆப்புட்டுச்சா?”

“எங்க அண்ணாச்சி! மீனுக்கெல்லாம் நான் துபாய் ரிட்டன்னு தெரிஞ்சு போச்சு போல. மரியாதையா ஒதுங்கிப் போகுதுவ.” நாசர் சிரித்தான். பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

குற்றாலிங்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டு தூண்டிலை இழுத்துப் பார்த்தார். நரம்பு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எலுமிச்சம்பழம் பருமனில் ஒரு ஈயக் குண்டு வந்தது. அவர் கொடுத்த நான்கு முள்ளும் அதற்கடியில் சேறு அப்பிக் கிடந்தன. கட்லா மேலே மேயும்போது இரை குளத்தின் அடியில் கிடந்திருக்கிறது.

“யாரு இத இப்படிக்...”

“அண்ணாச்சி, ஒரு நிமிசம் இங்கன வாங்க.” மாஜிதா குடையை நாற்காலியில் செருகிவிட்டு ஸ்கூட்டர் பக்கம் நடந்தாள். அவரும் போனார்.

“சொல்லிராதீய” என்றாள். “நாந்தான் கட்டுனேன். நீங்க சொன்னதுக்கு நேர் மாறாக் கட்டுனேன்.”

“ஏம்மா?”

“அந்த மீனுக்குன்னுதான் அவரு உசுரு நிக்கி. டாக்டரு சொன்ன தவணை எப்பவோ தாண்டிருச்சு. மாட்டிச்சுன்னா போயிருவாரு. நேத்து உங்க கடையில சத்தம் போட்டதுகூட அவரு காதுல விழட்டும்னுதான். மன்னிச்சிக்கிடுங்க.”

குற்றாலிங்கம் தலையை ஆட்டினார்.

“டீ வாங்கிட்டு வாரேன். அவரு நனையாமப் பாத்துக்கிடுங்க” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலைப் பக்கம் போனாள்.

குற்றாலிங்கம் திரும்பி வந்து ஈயக் குண்டோடு சேர்த்துத் தூண்டிலைத் தானே தண்ணீரில் வீசினார். அது தொப்பென்று அடியில் போய்விட்டது.

“இந்தக் குளத்து மீனு கள்ளப்பய மீனு பாய். இன்னும் கொஞ்ச நாளு பொறுமையா இருந்துதான் பிடிக்கணும்.” சொல்லும்போதே அவர் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை.

நாசர், மாஜிதா வளைவில் திரும்பி மறையும் வரை அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நரம்பைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தான். மூச்சு வாங்கியது. ஈயமும் முள்ளுமாகச் சொட்டச் சொட்ட எடுத்து, குற்றாலிங்கத்தின் கையில் வைத்தான்.

“நான் பொறந்து வளந்த கரை அண்ணாச்சி இது. கட்லா எங்கன மேயும்னு எனக்குத் தெரியாதா? அவளுக்காகத்தான் இத்தனை நாளும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தேன்.”

குற்றாலிங்கம் கையில் இருந்ததைப் பார்த்தார். அவனைப் பார்க்க முடியவில்லை.

“இனி வலி தாங்க முடியாது. அவ வாரதுக்குள்ள சரியாக் கட்டிக் குடுங்க.”