சத்தம் நிறுத்திய தொலைபேசி

சூரியநெல்லி எஸ்டேட் ஆபீஸில் தொலைபேசி சத்தமில்லாமல் கிடக்கிறது. டிராக்டர் கவிழ்ந்து அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட பெரியமுத்துவின் மனைவி மூக்கம்மாள் மணி அடிக்கும்போதெல்லாம் பதறி எழுந்ததால், கிளார்க் இந்துதான் மணியை நிறுத்திவிட்டாள். இப்போது யார் அழைத்தாலும் கணினித் திரையின் ஓரத்தில் பெயரோடு ஒரு சின்னக் கட்டம் மட்டும் எழுகிறது. ஜன்னலில் மழை வெளிச்சம் சாம்பலாக நிற்கிறது. பெஞ்சில் மூக்கம்மாள், தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் முந்தானை நுனியை முறுக்கியபடி இருக்கிறாள். கட்டம் எழுகிறது. ஆஸ்பத்திரி. இந்து ரிசீவரை எடுத்துக் கேட்கிறாள், மெல்ல வைக்கிறாள். “அக்கா, அண்ணன் பொழச்சுக்கிட்டாரு. வலது காலத்தான் எடுத்துட்டாங்களாம்.” “உசுரு இருக்குல்ல தாயி, அது போதும்” என்கிறாள் மூக்கம்மாள். சொல்லும்போதே அவள் கை இறங்கிப்போய்த் தன் வலது முழங்காலை இறுகப் பிடித்துக்கொள்கிறது.