இன்னும் நாறணும்

"இதைவிட நாறுற சீஸ் இருக்கா?"

வெளிநாட்டு உணவுச் சந்தையில் அவர்கள் ஏறி இறங்கிய நான்காவது கடை அது. ஒவ்வொரு துண்டையும் வாங்கி மனைவியின் மூக்கருகே நீட்டினார் கணவர். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

கடைக்காரருக்குச் சலித்துவிட்டது. "ஒண்ணு இருக்கு சார். திறந்தா பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கு வருவான்."

"வரட்டும், திறங்க!"

டப்பா திறந்ததும் அவள் முகத்தைச் சுளித்தாள். "ஐயே! குடலைப் புரட்டுது!"

கடைக்காரர் பதறி மூடினார். "நான்தான் அப்பவே சொன்னேனே சார்..."

கணவரின் கண்கள் கலங்கியிருந்தன. "காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து இவளுக்கு எந்த வாசனையும் தெரியலைங்க. அடுப்புல பால் தீஞ்சாக்கூடத் தெரியாது."

அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னொரு தடவை திறங்களேன்."