மணலில் விழுந்த பந்து

“பந்தைத் தூரமா அடிக்க எந்த மட்டை?”

“டிரைவர்.”

“குழிகிட்ட உருட்ட?”

“புட்டர்.”

“மணல்ல விழுந்துட்டா?”

“தோசைத்திருப்பி!”

“ஐயோ ஹரீஷ், அது நான் வச்ச பேரு! சேண்ட் வெட்ஜ்னு சொல்லு. நாளைக்கு அவர் முன்னாடி உளறினா எல்லாம் போச்சு!” ஆபீஸ் கேன்டீனில், வடாபாவும் கையுமாகத் தலையில் அடித்துக்கொண்டாள் சுப்ரஜா.

மறுநாள் லோஹேகாவ் கோல்ஃப் மைதானத்தில் விங் கமாண்டர் லக்ஷ்மிநாராயணன் அடித்த பந்து மணலில் புதைந்தது.

“இப்ப எதை எடுக்கலாம்?”

“தோசைத்திருப்பி சார்!” பதற்றத்தில் ஹரீஷின் வாய் முந்திக்கொண்டது.

அவர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார்.

“சின்ன வயசுலேர்ந்து அதை அப்படிக் கூப்பிடறது என் பொண்ணு ஒருத்திதான். தரகர் கொண்டுவந்த வரன்னு நானும் நம்பிட்டேனே! சாயங்காலம் பொண்ணு பார்க்க வரும்போது, அவளை முதல் தடவை பார்க்கற மாதிரி நல்லா நடிங்க, மாப்பிள்ளே!”