வலப்பக்கக் கண்ணாடி

நாற்பத்தெட்டு டிகிரி வெயிலில் நிஸ்வா நகரமே வெந்துகொண்டிருந்தது. ஸ்டிக்கர் கடை முன் காரை நிறுத்திய ஹிலால், ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்சீட்டின் வலப்பக்கக் கண்ணாடிக்கு மட்டும் கரிக்கறுப்பு ஃபிலிம் கேட்டான்.

“வெயிலு நாலு பக்கமும் அடிக்குதேப்பா?” என்றார் கடைக்காரர் கல்ஃபான்.

“வெயிலுக்கில்லண்ணே. அங்க உக்கார்ற ஆளுக்கு ரோடே தெரியக் கூடாது.”

“யாரைடா கடத்தப் போற?”

“எங்கப்பாவ! கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி மூணு நாளாச்சு. வழியில தெரிஞ்ச முகம் ஒண்ணு பட்டாப் போதும், ‘சாப்பிட வா’ன்னு ஏத்திக்கிட்டு வீட்டுக்கே திருப்பச் சொல்லிடறாரு.”

“அடப் பாவமே! இப்பவே ஒட்டிடறேன்.”

கல்ஃபான் ஃபிலிமோடு காரை நெருங்கினார். கண்ணாடி இறங்கியது. பெரியவர் தலையை நீட்டினார்.

“அட, நம்ம கல்ஃபான்! கடையைப் பூட்டுடா, சோறு ஆறிடும்!”

கல்ஃபான் கடையைப் பூட்டினார். பின்சீட்டில் ஏற்கெனவே இருந்த மூவரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.