நாற்பது நாள் ஓடிய எண்ணெய்

“போட் டேங்க்லயா ஊத்துனீங்க? எங்க அண்ணன் போட்டுலயா?”

“ஊத்துனா என்ன? அதுவும் டீசல் இன்ஜின்தானே, இதுல என்ன...”

“கடலுக்குப் போற மனுஷனுக்கா அந்தக் கருப்புத் தண்ணியைக் குடுத்து விட்டீங்க?”

“கருப்புத் தண்ணியா? சிந்தெடிக் ஆயில் அது. கார்ல இருந்து வடிச்ச கழிவுதான், ஆனா ஒசத்திச் சரக்கு. நாலு தடவை வடிகட்டி, சுட வெச்சு, ஈரத்தைப் போக்கி, டீசலோட கலந்திருக்கேன்.”

அவர் கார் மெக்கானிக். பட்டறையை மூடியபின் ஒரு வருஷம் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர். இந்த எண்ணெய்தான் அவரை எழுப்பி உட்கார வைத்தது. பழைய நண்பர்களின் பட்டறைகளிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கி வந்து வடிகட்டுவார். மனைவி நடத்தும் குஞ்சுப் பொரிப்பகத்தின் ஜெனரேட்டருக்குத் தினமும் ஒரு கேன். மூட்டுவலியோடு அவரால் ஜெனரேட்டர் இருக்கும் பின்கொட்டகைக்குப் படியிறங்க முடியாது. ஆகவே வடிகட்டுவது அவர், ஊற்றுவது அவள். காலிக் கேனைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிடுவாள்.

இப்போது அவள் முட்டைப் பெட்டிகளுக்கு நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அண்ணன் மூன்று மணிக்கே கரை சேர்ந்திருக்க வேண்டும். மணி ஐந்து. போன் போகவில்லை.

“எவ்வளவு ஊத்துனீங்க?”

“டேங்க் காலியா இருந்துச்சு. ரெண்டு பெரிய கேன்.”

“வேற நல்ல டீசல் கையில எடுத்துட்டுப் போனாரா?”

“எதுக்கு எடுக்கணும்? மச்சானும் முதல்ல மூஞ்சியைச் சுளிச்சார். ‘உங்க தங்கச்சி ஜெனரேட்டர் நாப்பது நாளா இதுலதான் ஓடுது, ஆயிரம் முட்டை அதை நம்பித்தான் இருக்கு’ன்னேன். ‘அவளே நம்புறான்னா நானும் நம்புறேன்’னு மூடியைத் திறந்துட்டார்.”

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். மறுபடி போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஏன் இப்படித் தவிக்கறே? நாப்பது நாள்ல நம்ம ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியிருக்குமா? ஒரு பொட்டு கரும்புகை உண்டா? போன வாரம் ஃபில்டரைக் கழட்டி எடுத்துட்டு வரச் சொல்லிப் பார்த்தேனே, பச்சைக் குழந்தை நாக்கு மாதிரி இருந்துச்சு. அதைப் பார்த்த பிறகுதான் வெளியில குடுக்கவே எனக்குத் தைரியம் வந்தது.”

“கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. “நீதானே தினமும் வந்து சொன்னே, ‘இன்னிக்கும் நல்லா ஓடுச்சுங்க’ன்னு? உன் வாயால சொன்னதுதானே? உன் அண்ணனுக்குன்னு வந்ததும் என் வேலை மட்டமாப் போச்சா?”

அவள் பின்வாசல் பக்கம் நடந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பெட்டிகளின் விசிறிகள் ஓய்ந்தன. மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது, பின்கொட்டகையில் ஜெனரேட்டர் தானே உறுமி எழுந்தது. விளக்குகள் மறுபடி எரிந்தன. சத்தம் ஒரே சீராக வந்தது.

அவர் விரலை உயர்த்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

“கேளு. என்ன அழகா ஓடுது பார். இதே சத்தம்தான் இந்நேரம் மச்சான் போட்டுலயும் கேட்டுக்கிட்டு இருக்கும்.”

அவள் பின்வாசல் நிலையைப் பிடித்தபடி, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“கொட்டகைக்குப் பின்னால கல்லு வெச்சு மூடின பீப்பாயைத் திறந்து பாருங்க. நாப்பது நாளும் நீங்க குடுத்தது அத்தனையும் அதுக்குள்ளதான் இருக்கு.”